பழவேற்காடு: முதலில் முகத்துவாரம், பிறகு சுற்றுலா

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டி வயல்வெளிகள் முடிந்ததும் பழவேற்காடு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தச் சாலையில் சென்னைக் கார்களும் இருசக்கர வாகனங்களும் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்களுக்கு இரண்டே வேலைகள்தான். ஒன்று, கூட்டமில்லாத கடற்கரையில் கொஞ்ச நேரம் கால் நனைப்பது. இரண்டாவது, நண்டும் இறாலும் வாங்கி ஐஸ் பெட்டியில் அடைத்துக்கொள்வது, அல்லது அங்கேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் 'பழவேற்காட்டைச் சுற்றுலாத் தலமாக மேம்படுத்த வேண்டும்' என்ற பேச்சு எழுகிறது. நடைபாதை, பூங்கா, தங்கும் விடுதி, படகுத்துறை எனப் பட்டியல் நீள்கிறது. பட்டியலில் தப்பில்லை, வரிசையில்தான் கோளாறு. மக்கள் இந்த ஊருக்கு வருவது நடைபாதைக்காக அல்ல. அவர்கள் தேடி வரும் நண்டும் இறாலும் ஏரியில் விளைவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரம். அதைத் திறந்து வைத்திருப்பதும், அதை நம்பி வலை போடுகிறவர்களின் உரிமையைக் காப்பதும்தான் இந்த ஊருக்குச் செய்யக்கூடிய முதல் சுற்றுலாப் பணி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊரின் பழைய பெருமை பெரிது. டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை 1613-இல் எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். துணி ஏற்றுமதியான இதே துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டை இன்று வெறும் மேடு. தொல்லியல் துறை பராமரிக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் செதுக்கு வேலைப்பாடுகளோடு நிற்கிறது. கல்லறையைப் பார்ப்பவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள். ஊரை நான்கு நூற்றாண்டுகளாக வாழவைத்த தண்ணீரை யாரும் நின்று பார்ப்பதில்லை.

கடலில் பிறந்து ஏரியில் வளரும் உணவு

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டுமே தமிழகத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாக ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வருகிறது, வற்றத்தில் வெளியே போகிறது. உப்பும் நன்னீரும் இப்படி மாறி மாறிக் கலப்பதுதான் இந்த ஏரியின் வளம்.

இறாலின் வாழ்க்கையைக் கவனித்தால் இது விளங்கும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கடலோட்டத்தில் மிதந்து, ஏற்றத்தோடு முகத்துவாரத்துக்குள் நுழைகின்றன. ஆழமில்லாத, உணவு நிறைந்த ஏரியில் சில மாதங்கள் வளர்கின்றன. பருவம் வந்ததும் வற்றத்தோடு மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கழி நண்டுக்குப் பாதை கொஞ்சம் வேறு. அது ஏரிச் சேற்றில் வளை தோண்டி வாழ்கிறது. முட்டை சுமந்த பெண் நண்டு கடலுக்குப் போய்க் குஞ்சு விடுகிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். வாசல் அடைந்தால் உள்ளே இருப்பது வெளியேற முடியாது, வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. கோடையில் மூடிய ஏரியில் தண்ணீர் ஆவியாகி, பல இடங்களில் உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடுகிறது. அப்புறம் வலையில் என்ன விழும்?

காலை வியாபாரத்தில் இந்த வளத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கழி நண்டை உயிரோடுதான் விற்பார்கள். கொடுக்குகளை மடக்கிக் கயிற்றால் கட்டிக் கூடையில் அடுக்கியிருப்பார்கள். வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி, அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். ஓடு அசையாமல் கெட்டியாக இருந்தால் சதை நிறைந்தது. அது ஒரு பக்கம் போகும். அமுங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றிய 'தண்ணி நண்டு'. அது இன்னொரு பக்கம், விலையும் பாதிக்கு இறங்கிவிடும். பெரிய, கெட்டி நண்டுகள் சென்னை வழியாக விமானமேறிச் சிங்கப்பூர் முதலான ஊர்களுக்கு உயிரோடு போகின்றன. உள்ளூரில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதற்கு அடுத்த தரம். பிடித்தவருக்கோ, வலைக்கும் படகுக்கும் வாங்கிய முன்பணம் கழுத்தில் நிற்பதால் யாருக்கு விற்பது என்பதில்கூடச் சுதந்திரம் கிடையாது.

மணல் எங்கே சேர்கிறது, எங்கே தேய்கிறது

முகத்துவாரம் ஏன் அடைகிறது? சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் ஏரியிலிருந்து பாய்ந்து வெளியேறும்போது முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொள்ளும். வெள்ளம் குறைந்து கோடை வந்தால் மணல் திட்டு வளர்ந்து அதைக் குறுக்கும். இது இயற்கையான சுழற்சிதான். மழை பொய்த்த ஆண்டுகளில் முழுதாக அடைந்துபோவதும், குப்பத்துக்காரர்கள் பணம் வசூலித்துத் தாங்களே வெட்டித் திறப்பதும் இங்கே நடந்திருக்கின்றன.

இந்தச் சுழற்சியில் மனிதன் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் ஊருக்குள் ஏறியது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அதற்கு வடக்கே பழவேற்காடு வரையிலான குப்பங்களில் கடலரிப்பு இன்று அன்றாடக் கவலை. கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் இருக்கும் ஒடுங்கிய மணல் மேடு மெலிந்துவருகிறது. கரையில் இருக்க வேண்டிய மணல் கரைகிறது. முகத்துவாரத்தில் இருக்கக் கூடாத மணல் குவிகிறது.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. முகத்துவாரத்தின் இரு பக்கமும் நேர்கல் சுவர்கள் எழுப்பி அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் வகுக்கப்பட்டது. மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை அது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால், கல்லைக் கொட்டியதோடு வேலை முடிந்தது என்று துறை கையைக் கழுவிவிடக் கூடாது. கடலுக்குள் நீளும் எந்தச் சுவரும் தன் தெற்கே மணலைப் பிடித்துவைக்கும், வடக்கே அரிப்பைக் கூட்டும். புதுச்சேரி இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தது. அங்கே 1980-களில் துறைமுகம் கட்டியபோதே, தெற்கே சேரும் மணலை வடக்கே கொண்டுசெல்லும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அதைத் தொடர்ந்து செய்யவில்லை. விளைவு: சுற்றுலாவுக்குப் பேர்போன அந்த ஊரின் கடற்கரை போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. பின்னர் 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துத்தான் கொஞ்சம் மணலை மீட்க முடிந்தது. சுவரைக் கட்டுவது ஒரு முறைச் செலவு; மணலை நகர்த்துவது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. நம் அரசுகளுக்கு முதலாவதில் இருக்கும் ஆர்வம் இரண்டாவதில் இருப்பதில்லை.

யார் எப்போது வலை போடுவது

வாசல் திறந்தே இருந்தாலும், ஆளாளுக்கு இறங்கி அள்ளினால் ஏரி தாங்காது. இதைப் பழவேற்காட்டு மீனவர்கள் எந்த அரசாணையும் வராத காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். அவர்கள் வகுத்த ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துச் சுத்து வலை போடுவார்கள். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்கள் இந்த உரிமையை நெடுங்காலமாகப் பகிர்ந்துவந்தன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் சுற்றி வரும். எத்தனை வலை இறங்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் போடும்.

இதை அப்படியே தூக்கிக் கொண்டாடிவிடவும் முடியாது. பாடு உரிமை பட்டினவர் சமூகத்தின் திருமணமான ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பிறகு, ஏரியைச் சுற்றியிருக்கும் தலித் கிராமங்களும் வலையோடு இறங்கின, மோதல்கள் நடந்தன. இருளர்களுக்கோ வலையே கிடையாது. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டபடியே நகர்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நிற்கும் இந்தப் பெண்களின் பெயர் எந்த மீனவர் கணக்கெடுப்பிலும் எளிதில் ஏறுவதில்லை. நிவாரணம் வரும்போதும் கடைசியில்தான் நிற்கிறார்கள்.

பாட்டின் நியாயத்தை வைத்துக்கொண்டு, அதன் அநியாயத்தைக் களைய வழி இருக்கிறதா? இலங்கையின் நீர்கொழும்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதுவும் கடலுணவுக்கும் கடற்கரைக்கும் பேர்போன ஊர்தான். அங்கேயும் களப்பு இருக்கிறது, ஓட்டத்தில் வலை கட்டி இறால் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது, சீட்டுப் போட்டு முறை பிரிப்பதும் இருக்கிறது. கட்டுதெல் எனப்படும் அந்த மீன்பிடிக்கு 1958-இலேயே அரசு தனி ஒழுங்குவிதி வகுத்தது. நான்கு மீனவச் சங்கங்களின் உரிமை சட்டத்தில் ஏறியது. சட்டத்தில் ஏறிய உரிமையை நீதிமன்றத்தில் காக்கலாம். தேவைப்பட்டால் திருத்தி விரிவாக்கவும் செய்யலாம். இங்கே பாடு வாய்மொழி வழக்கமாகவே நிற்கிறது. ஊருக்குள் சண்டை வந்தால் காவல்துறைக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. வனத்துறைக்கு ஏரி பூநாரைகளின் சரணாலயம். தொழில்துறைக்குக் கரை என்பது காலி நிலம். மீன்பிடிக் களமாக அதைப் பார்க்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு ஒன்றுமில்லை.

எண்ணூருக்கு நேர்ந்தது

தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் எண்ணூர் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னைச் செல்வந்தர்கள் ஓய்வெடுக்கப் பங்களா கட்டிக்கொண்ட இடம் அது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்திலும் இறாலும் நண்டும் மடவையும் கொழித்தன. அதன் கரையில் அனல்மின் நிலையங்கள் வந்தன, சாம்பல் வந்தது, சுடுதண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். இன்று கடலுணவு சாப்பிட எண்ணூருக்குப் போவோம் என்று சென்னையில் யாரும் வண்டி கட்டுவதில்லை. ஒரே நாளில் வந்த அழிவல்ல அது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியே அனுமதி வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து செய்தது. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் இணைந்தவை. அங்கே கொட்டியது அங்கேயே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பார்க்க வேண்டும். 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அந்தத் துறைமுகத்தின் கையாளும் திறனை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாகப் பெருக்குவது திட்டம். பரப்பு 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரியும். அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து உருவாக்குவது. மீனவர்களின் எதிர்ப்புக்கு இடையே பொதுவிசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. துறைமுகம் வந்தால் வேலை வரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். வேலை வரும், மறுக்கவில்லை. ஆனால், எத்தனை பேருக்கு, யாருக்கு? ஏரியை நம்பியிருப்பவர் வலை போடுபவர் மட்டுமல்ல. கூடை சுமக்கும் பெண், ஐஸ் உடைப்பவர், வலை பின்னுபவர், கருவாடு காயவைப்பவர், கடையில் வறுப்பவர் எனப் பள்ளிப்படிப்பைத் தாண்டாத பல்லாயிரம் பேருக்கு அது சோறு போடுகிறது. இவர்களில் எத்தனை பேரைத் தானியங்கி பளுதூக்கிகள் நிறைந்த சரக்கு முனையம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்? இருக்கும் துறைமுகங்களின் தாக்கம் மொத்தமாக அளக்கப்படாதபோது இன்னும் பன்மடங்கு பெரிய ஒன்றை அதே கரையில் சேர்ப்பது விவேகமல்ல. திட்டம் கைவிடப்பட வேண்டும்.

சுற்றுலா வரட்டும், யாருடைய கையில்?

சுற்றுலாவும் தன் பங்குக்குக் காயம் செய்திருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் அன்று முகத்துவாரத்துக்கு அருகே உல்லாசப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்புக் கவசம் யாருக்கும் இல்லை. மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் காரணம். படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை விதிப்பது எளிது; ஆசையோடு வந்து நிற்கும் கூட்டமும், மீன் கிடைக்காத நாளில் நூறு ரூபாய் சம்பாதிக்கத் துடிக்கும் படகுக்காரரும் இருக்கும்வரை அது காகிதத்தில்தான் நிற்கும்.

இனி வரப்போவது இதைவிடப் பெரிது. 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் இடைவெளி விட்டால் கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலா வசதிகளை அமைக்கலாம் என்கிறது. படகை ஏற்றி வைப்பதும் வலையை உலர்த்துவதும் கருவாடு பரப்புவதும் அந்த மணலில்தான். பட்டா இல்லாத அந்த இடம் குப்பத்தின் வேலைத்தளம். மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அதே விதிகள் சொன்னாலும், அந்தக் குறிப்பில்தான் அதிகாரிகளின் பேனா தயங்குகிறது. வரைபடத்தில் இல்லாத வலைத்திடல் நாளைக்குச் சொகுசுக் குடிலாக மாறினால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே, செய்ய வேண்டியவை இவை. முகத்துவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் மாதந்தோறும் அளந்து ஊரறிய அறிவிக்க வேண்டும். தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி, வாரிய மணலை வடக்கே அரிக்கும் கரைக்கே தர வேண்டும். பாட்டைச் சட்டத்தில் ஏற்ற வேண்டும்; ஏற்றும்போதே தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் வைக்க வேண்டும். வலைத்திடலையும் படகு ஏற்றும் கரையையும் கடலோர வரைபடத்தில் குப்பத்தின் பெயரால் பதிய வேண்டும். படகுச் சவாரியை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்து, உரிமம், ஆள் கணக்கு, உயிர்காப்புக் கவசம் ஆகியவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். கடற்கரைக் கடை எதுவானாலும் முதல் உரிமை மீன் விற்கும் பெண்களுக்கு. அவர்கள் உட்காரும் இடத்தில் நிழல், நல்ல தண்ணீர், கழிப்பறை மூன்றும் வேண்டும். விடுதி கட்டுவதற்கு முன் இதைக் கட்டுங்கள்.

தமிழகமும் ஆந்திரமும் ஒரே ஏரியின் இரு பங்காளிகள் என்பதால், இரு மாநில மீனவர்களும் உட்காரும் ஒரு பொது அமைப்பு இல்லாமல் இவற்றில் பல நிறைவேறாது. அதற்கான முதல் கடிதத்தைத் தமிழகம் எழுதலாம். ஏரியில் நமக்கு இருப்பது சிறு பங்குதான் என்றாலும், தென்முனை முகத்துவாரம் இருப்பது நம் பக்கம்.

மேலே சொன்ன எதற்கும் பெருந்தொகை வேண்டாம். துறைமுக விரிவாக்கத்துக்குப் பேசப்படும் ஆயிரக்கணக்கான கோடிகளோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. வேண்டியது, மீன்பிடிக் களத்தை மீன்பிடிக் களம் என்று அரசு ஆவணத்தில் எழுதும் துணிவு. சாப்பிடப் போகும் சென்னைக்காரருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பொதுவிசாரணை மறுபடி அறிவிக்கப்பட்டால் குப்பத்துக்காரர்கள் மட்டும் போய் நின்றால் போதாது; ஞாயிறுதோறும் அந்தச் சாலையில் வரிசை கட்டுகிறவர்களும் மனு எழுதிக்கொண்டு போய் நிற்க வேண்டும். பழவேற்காடு இன்னோர் எண்ணூராக ஆகாமல் இருப்பது இனி அவர்கள் கையிலும் இருக்கிறது.